முனை இல்லாத கத்தி

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பாகிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தொடரில் எனக்கு முன்னர் வந்தவர்கள் கூத்தைப் பற்றிப் பேசினார்கள். சிறுகதையைப் பற்றிப் பேசினார்கள். நாட்டார் பாடல்களைப் பற்றியும் பேசினார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது சட்டைப்பைக்குள் கிடக்கும் ஒரு சின்னக் கத்தி. பட்டணத்தில் பேனாக்கத்தி என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு வில்லுக்கத்தி என்று பெயர். இலக்கியத்துக்கும் வில்லுக்கத்திக்கும் என்ன உறவு என்று வானொலியை நிறுத்திவிடாதீர்கள். உறவு இருக்கிறது. சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்.

நான் பனிச்சங்கேணியில் பிறந்தவன். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் வாழைச்சேனையைத் தாண்டி வடக்கே போனால், வாகரைக்கு முன்னால், களப்பு கடலோடு சேருகிற இடம் அது. இன்றுள்ள நீண்ட பாலம் நான் சிறுவனாக இருந்தபோது இல்லை. பனிச்சை மரமும் கேணியும் சேர்ந்து ஊருக்குப் பெயராயின என்று நினைக்கிறேன். பனிச்சை மரத்தை இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அதன் காய் துவர்ப்பிலும் துவர்ப்பு. நைலோன் வலை வருவதற்கு முன்னர், பருத்தி நூல் வலை உப்புத் தண்ணீரில் இற்றுப்போகாமல் இருக்க, பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து அந்தச் சாற்றில் வலையைத் தோய்ப்பார்கள். வலை தவிட்டு நிறமாகி விறைத்துப்போகும். அந்த மணம், நேயர்களே, அதை எழுத்திலே கொண்டுவர இன்னும் எவராலும் முடியவில்லை; என்னாலும் முடியாது.

பனிச்சங்காயை முதலில் பிளக்க வேண்டும். அதற்கு என் பெரியப்பா பாவித்தது ஒரு கறுத்த வில்லுக்கத்தி. கோடு கோடாகச் சொரசொரப்பு வெட்டிய கறுத்த பிடி. ஒரு பக்கம் அகன்ற அலகு. முதுகுப் பக்கம் ஒரு விரல் நீளத்தில் கூரான இரும்பு முள். பேணி திறக்க ஒரு கொக்கி. கயிறு கோத்துக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட ஒரு வளையம். உருக்கிலே சின்னதாக ஓர் அம்புக்குறி. பக்கத்தில் 1944 என்ற எண். அந்த அம்புக்குறி பிரித்தானிய அரசின் படைச் சாமான்களில் பொறிக்கும் அடையாளம் என்பதைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அறிந்தேன்.

பெரியப்பா வாலிபத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் சில காலம் கூலிவேலை பார்த்தவர். 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதும், அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்ததும் வரலாறு. 307 பேர் அந்தக் கப்பலோடு மாண்டார்கள். பெரியப்பா அப்போது பையன். காலையில் மழை இல்லாமல் இடி இடித்தது என்றுதான் அவர் எப்போதும் அந்த நாளைச் சொல்வார். பின்னர் 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனபோது, புறப்பட நின்ற ஒரு மாலுமியிடம் ஒரு போத்தல் வாகரைத் தேனைக் கொடுத்து இந்தக் கத்தியை வாங்கினாராம். தேன் காட்டில் கிடைத்தது. ஆகவே கத்தி சும்மா கிடைத்தது என்பது அவருடைய கணக்கு.

எங்களுக்கு, அதாவது பொடியன்களுக்கு, அந்தக் கத்தியில் ஒரு குறை. அதற்கு முனை இல்லை. அலகின் வாய் நேராகப் போகும். முதுகு மட்டும் நுனியில் வளைந்து இறங்கி வாயோடு சேர்ந்துவிடும். ஆட்டுக்குளம்பு மாதிரி இருக்கும். ஆங்கிலத்திலும் அதற்கு ஆட்டுப் பாதம் என்ற பொருளில்தான் பெயர். “முனை ஒடிஞ்ச கத்தி” என்று நாங்கள் பழித்துச் சிரிப்போம். ஒருமுறை கம்மாலைக்குப் போயிருந்தோம். லொறி வில்லுத் தகட்டில் வாக்கத்தி அடித்துக்கொண்டிருந்த கொல்லர், பெரியப்பாவின் கத்தியை வாங்கிப் பார்த்தார்.

“அண்ணே, நல்ல உருக்கு. ஒரு நிமிசத்தில முனை வெச்சுத் தாறன்.”

“வேணாம் தம்பி. வாய மட்டும் தீட்டித் தா.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. திரும்பி வரும் வழியில் ஏன் என்று கேட்டேன். “மனே, இது குத்திற கத்தி இல்ல. அறுக்கிற கத்தி” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. வயசாளிகள் அப்படித்தான், பாதி சொல்வார்கள், மீதியை எங்கள் தலையில் விட்டுவிடுவார்கள்.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். மடங்குகிற கத்தி படைவீரனின் கையில் பிறந்ததல்ல. உரோமர் காலத்து மடிப்புக் கருவி ஒன்று கேம்பிரிட்ஜ் நகரிலே பிற்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கத்தி, கரண்டி, முட்கரண்டி என்று எல்லாம் ஒன்றாக மடங்கும். வழிப்பயணத்தில் சாப்பிடுவதற்கான சாமான் என்பது பார்த்தாலே விளங்கும். பின்னர் ஐரோப்பாவில் பறவை இறகினால் எழுதிய காலத்தில் அந்த இறகைச் சீவிச் சீவிக் கூராக்கச் சின்னக் கத்தி வேண்டியிருந்தது. எழுதுகிறவன் எல்லாரும் அதை வைத்திருந்தான். பேனாக்கத்தி என்ற பெயர் அதனால் வந்தது. இன்றைக்குப் பேனா சீவுவார் இல்லை. பெயர் மாத்திரம் நிற்கிறது.

எங்களிடமும் இதே கதை உண்டு. ஓலையில் எழுதிய காலத்தில் எழுத்தாணி பலவகை இருந்தது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று உ. வே. சாமிநாதையர் தம்முடைய ‘என் சரித்திர’த்தில் அவற்றைச் சொல்லுகிறார். மடக்கெழுத்தாணியில் ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் கத்தி. கத்தியால் ஓலையை வாருவது, எழுத்தாணியால் எழுதுவது. வேலை முடிந்தால் இரண்டையும் பிடிக்குள் மடக்கி மடியில் செருகிக்கொள்வது. மட்டக்களப்புக் கோயில்களில் வைகாசிச் சடங்குக்குப் படிக்கும் கண்ணகி வழக்குரை ஏடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதியவர்களும் ஓலை வாரக் கத்தி இல்லாமல் எழுதியிருக்க முடியாது. ஆகவே தமிழனின் மடியில் இருந்த மடக்குக்கத்தி புலவனுடைய கத்தி. இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு; மறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் கத்தி பனிச்சங்காய் பிளந்து பிளந்து நீலங்கலந்த கறுப்பாகிவிட்டது. அழுக்கென்று நான் ஒருநாள் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. துவர்ப்புச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை உண்டாகும். ஐரோப்பியர் நூற்றாண்டுக் கணக்காக எழுதிய மையும் துவர்ப்பையும் இரும்பு உப்பையும் கலந்து செய்ததே. பெரியப்பா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆனால் அவருடைய கத்தியில் எப்போதும் மை இருந்தது.

இனி, எழுத்தாளனின் கத்தி எப்படிப் படைவீரனிடம் போனது? இதற்கு மிகத் தெளிவான கதை சுவிற்சர்லாந்தில் கிடைக்கிறது. அந்நாட்டு இராணுவம் 1889ஆம் வருடத்து மாதிரித் துப்பாக்கியைத் தன் வீரர்களுக்குக் கொடுத்தது. அதைக் கழற்றித் துப்புரவு செய்யத் திருப்புளி தேவைப்பட்டது. வீரன் சாப்பாட்டுப் பேணியையும் திறக்க வேண்டும். பாணையும் வெட்ட வேண்டும். தோல் வாரில் துளையும் போட வேண்டும். இவ்வளவுக்கும் ஒரே கத்தி என்று தீர்மானித்தார்கள். ஓர் அலகு, ஒரு துளையூசி, ஒரு பேணி திறப்பான், ஒரு திருப்புளி, கறுத்த மரப்பிடி. கவனியுங்கள் நேயர்களே, இந்தப் பட்டியலில் எதிரி என்று ஒருவன் இல்லவே இல்லை. எதிரிக்குத் துப்பாக்கியும் சனியனும் இருந்தன. கத்தி வீரனின் வயிற்றுக்கும் துப்பாக்கியின் திருகாணிக்கும் உரியது.

முதல் 15,000 கத்திகளை அந்நாட்டில் செய்ய வசதி இல்லாமல் ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்து வெஸ்ரர் நிறுவனத்திடம் வாங்கினார்கள். சொந்த நாட்டு வீரனுக்கு அந்நிய நாட்டுக் கத்தியா என்று ஒரு கத்திக் கொல்லருக்கு மனம் பொறுக்கவில்லை. அவர் பெயர் கார்ல் எல்ஸனர். 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டவர். மற்றக் கொல்லர்களையும் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். 1891இல் தம் கத்தியைப் படைக்குக் கொடுத்தார். ஆனால் சோலிங்கன் ஆலைகள் இயந்திரத்தில் மலிவாகச் செய்துவிடும். கையால் செய்கிறவர் விலையில் நிற்க முடியுமா? சங்கத்தவர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். எல்ஸனர் கடனில் அமிழ்ந்து உறவினர் உதவியால் தப்பினார். அவரைக் கரையேற்றியது 1897இல் அவர் பதிவுசெய்த அதிகாரிகளின் கத்தி. அதில் ஒரு சின்ன அலகும், போத்தல் தக்கையைத் திருகி எடுக்கும் சுருளும் மேலதிகமாக இருந்தன. முதுகில் உள்ள ஒரே வில்லு இரண்டு பக்கத்துக் கருவிகளையும் தாங்கும்படி அவர் செய்ததால் கத்தி பாரமில்லாமல் இருந்தது. இராணுவம் அதை வழங்கவில்லை. அதிகாரிகள் தங்கள் காசில் வாங்கினார்கள். சாதாரண வீரனுக்குப் பேணி திறப்பான், அதிகாரிக்கு வைன் திறப்பான்! எந்தப் படையிலும் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

1909இல் தாயார் இறந்தபோது அவருடைய பெயரான விக்டோரியாவைத் தம் கத்திக்கு வைத்தார் எல்ஸனர். துருப்பிடிக்காத உருக்கு வந்த பின்னர், அதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் சேர்ந்து 1921இல் விக்டோரினொக்ஸ் ஆயிற்று. இரண்டாவது உலக மகாயுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களுக்கு அந்தக் கத்தியின் ஜேர்மன் பெயர் வாயில் நுழையவில்லை. சுவிஸ் ஆமி நைவ் என்று தாங்களே பெயரிட்டார்கள். உலகம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

பிரித்தானியரின் கத்தி வேறு வகை. ஷெபீல்ட் நகரத்துப் பட்டறைகளில் செய்தது. முதுகிலுள்ள அந்த இரும்பு முள் கயிற்றுக்கு உரியது. முறுக்கிய கயிற்றின் பிரிகளுக்கு இடையில் முள்ளைக் குத்தி விலக்கி, இன்னொரு கயிற்றின் பிரியை அதனூடாகக் கோத்து இழுப்பார்கள். முடிச்சு இல்லாமலே இரண்டு கயிறு ஒன்றாகிவிடும். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமியின் வித்தை அது. எங்கள் தோணிக்காரருக்கும் தெரிந்த வித்தைதான். அவர்கள் முள்ளுக்குப் பதிலாக மான்கொம்பைப் பாவித்தார்கள். பெரியப்பா அந்தக் கத்தியைக் கண்டதும் தேன் போத்தலை நீட்டியதன் இரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

முனை இல்லாததற்குக் கப்பல்காரர் பல காரணம் சொல்வார்கள். பாய்மரத்தின் உச்சியில் நின்று வேலை செய்பவனின் கை தவறிக் கத்தி விழுந்தால் கீழே நிற்பவனைக் குத்தக்கூடாது. ஆடுகிற கப்பலில் தன்னையே குத்திக்கொள்ளக்கூடாது. குடித்துவிட்டுச் சண்டை வந்தால் ஒருவரையொருவர் குத்தக்கூடாது. கடைசிக் காரணத்தைச் சொல்லும்போது எல்லாருமே சிரிப்பார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். உலகத்தின் பெருங்கடற்படை ஒன்று தன் ஆட்களுக்குப் பீரங்கியைக் கொடுத்தது. கத்தியைக் கொடுக்கும்போது மட்டும் முனையை மழுக்கிக் கொடுத்தது.

வில்லுக்கத்தி என்ற எங்கள் பெயர் மிகப் பொருத்தமானது. இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் முதுகோரமாக ஓர் உருக்குப் பட்டை இருக்கும். அதுதான் வில்லு. அலகின் அடிப்பகுதி சதுரமாக இருக்கும். திறக்கும்போது சதுரத்தின் மூலை வில்லைத் தள்ளி உயர்த்தும். மூலை தாண்டியதும் வில்லு தட்டையான பக்கத்தில் விழுந்து ‘டக்’ என்று பிடித்துக்கொள்ளும். பூட்டு ஒன்றும் கிடையாது. வில்லின் அழுத்தம் மட்டுமே. இதன் விளைவு என்னவென்றால், அறுப்பதற்கு அது உறுதியாக நிற்கும். குத்தப் போனால் மடங்கி, குத்தினவனுடைய விரலையே பதம்பார்க்கும். சுவிஸ் வீரனுடைய கத்தியிலும் 2008ஆம் வருட மாதிரி வரும்வரை அலகைப் பூட்டி நிறுத்தும் ஏற்பாடு இல்லை. நூறு வருடத்துக்கு மேல் ஒரு படை பூட்டில்லாத கத்தியோடு காலந்தள்ளியது.

இராணுவக் கத்தி என்றதும் எங்கள் மக்களுக்கு நினைவு வருவது கூர்க்காவின் குக்ரி. 1987 முதல் 1990 வரை இங்கு நின்ற இந்திய அமைதிப்படையிலும் கூர்க்காப் படைப்பிரிவுகள் இருந்தன. அந்த வளைந்த கத்தியைப் பற்றி உலவிய கதைகளைக் கேட்டிருப்பீர்கள். ஆனால் குக்ரியின் உறைக்குள் இன்னும் இரண்டு சின்னச் சாமான்கள் உண்டு. ஒன்று கர்டா, காய் நறுக்க, தோலுரிக்க. மற்றது சக்மக்; தீட்ட, தீக்கல்லில் தட்டிப் பொறி எடுக்க. பெரிய கத்தியைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். கூர்க்கா அன்றாடம் கையில் எடுப்பது சின்னதை.

ஒரு சாமான் படைக்குப் போனால் அதற்கு நேர்கின்ற நன்மை ஒன்றே ஒன்று: அது மலிவாகிறது. ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் ஒரே அளவில் செய்யும்போது அழகு வேலைகள் உதிர்ந்துபோகும். கடற்சிப்பிப் பிடி, வெள்ளிப் பூண் ஒன்றும் இராது. போர் முடிந்ததும் எஞ்சியவை சந்தைக்கு வரும். ஏழை அதை வாங்குவான். ஜேர்மனியில் மேர்க்காற்றர் என்று ஒரு கத்தி. கறுத்த தகட்டுப் பிடியில் பாயும் பூனை பொறித்திருக்கும். முதலாவது மகாயுத்தத்து ஜேர்மன் வீரர்களோடு சேர்த்தே இன்றும் அதைப் பேசுகிறார்கள். பிடி என்பது ஒரே இரும்புத் தகட்டை மடித்தது, அதற்குள் ஓர் அலகு, அவ்வளவுதான். எங்கள் கம்மாலைக் கொல்லர் கண்டிருந்தால் “இதென்ன, தகரப்பேணி வேலை” என்றிருப்பார். ஆனால் உழைக்கும்.

பிரான்சின் தியேர் நகரத்தில் 1929இல் அதே தகட்டு மடிப்பு முறையில் வந்த டூக்-டூக் கத்தியின் கதை வேறு விதமாகப் போயிற்று. பசிபிக் தீவுகளில் விற்க நினைத்து, அத்தீவினரின் ஆவி உருவம் ஒன்றைப் பிடியில் பொறித்தார்கள். கத்தி போய்ச் சேர்ந்ததோ வட ஆபிரிக்காவுக்கு. மலிவு என்பதால் அல்ஜீரியாவில் குடியானவன் வாங்கினான், மேய்ப்பன் வாங்கினான், பிரெஞ்சுச் சிப்பாயும் வாங்கினான். 1954 முதல் 1962 வரை அங்கு விடுதலைப் போர் நடந்தபோது அந்தக் கத்திக்குக் கொலைக்கருவி என்ற பெயர் விழுந்தது. தோடம்பழம் உரித்த கத்தி அதே கத்திதான், மாறியது காலம்.

எங்கள் தீவிலும் ஆட்சியாளருக்கு இந்தப் பயம் பழையது. கூரான முனையுள்ள கத்தியை உடம்பில் கொண்டு திரிவதைக் கட்டுப்படுத்த ஆங்கிலேயர் காலத்திலேயே கத்திகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருந்தது. தன் மாலுமியின் கத்தியை மழுக்கியவனே எங்கள் மடியிலிருந்த கத்தியின் முனையையும் பார்த்துப் பயந்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரியப்பா காலமான பின்னர் கத்தி என்னிடம் வந்தது. நான் வாத்தியார். அதற்குப் பெரிய வேலை கொடுக்க என்னிடம் கயிறும் இல்லை, வலையும் இல்லை. பிள்ளைகளின் பென்சில்களைச் சீவிக் கொடுத்தேன். இடைவேளையில் மாங்காய் வெட்டினேன். களப்பு உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்கும் உருக்கு அது; ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைத்து வைப்பேன். பெரியப்பா செய்ததையே செய்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒருநாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஒரு சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். எவருடைய சாவடி என்று நான் சொல்லப்போவதில்லை. அக்காலத்தில் இந்த வீதியில் சாவடிக்குப் பஞ்சமில்லை, ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. வரிசையில் நின்றோம். சட்டைப்பையைத் தடவிய பையனுக்கு என் மாணவர்களின் வயதுதான் இருக்கும். கத்தியை எடுத்தான். திறந்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். முனை எங்கே என்று கேட்டான். இதற்கு முனை இல்லை, செய்யும்போதே அப்படி என்றேன். அவன் நம்பவில்லை. எங்கோ ஒடித்துவிட்டு மறைக்கிறேன் என்று நினைத்திருப்பான். பிறகு அந்த இரும்பு முள்ளைக் கண்டான். அது எதற்கு என்று கேட்டான். கயிற்றுக்கு என்றேன். வாத்தியாருக்குக் கயிறு எதற்கு என்று அவன் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திராது. நல்லவேளை, கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி இருந்தது. அதற்குள் போட்டான்.

நான் எட்டிப் பார்த்தேன். நேயர்களே, அந்தப் பெட்டியை நான் மறக்கவில்லை. உள்ளே பாக்குவெட்டி கிடந்தது. வெற்றிலைக் கிழவி ஒருத்தியினுடையது. தையற்காரரின் கத்தரிக்கோல் கிடந்தது. சலூன்காரரின் சவரக்கத்தி, மரக்கறி நறுக்கும் குட்டிக் கத்தி, தாக்கத்தி ஒன்று, பிள்ளைகளின் கைவேலைக் கத்தரிக்கோல் இரண்டு, முஸ்லிம் விவசாயிகள் பை வைத்த அகன்ற இடுப்புவாரில் செருகும் சின்ன வில்லுக்கத்திகள் நாலைந்து. எங்கள் கரையோரத்தின் அன்றாடம் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. மேலே 1944ஆம் வருடத்துக் கடற்படைக் கத்தி. இரசீது கேட்கத் துணிவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டேன். மறுநாள் முதல் பென்சிலைப் பாதிச் சவர அலகால் சீவினேன். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கத்தி இல்லாமல் வாத்தியார் பிழைப்பான். களப்புக்குப் போகிறவன் எப்படிப் பிழைப்பான்? வலை காலில் சுற்றிக்கொண்டு தோணிக்கு வெளியே இழுத்தால் அறுக்க வேண்டும். இயந்திரத்தின் விசிறியில் கயிறு சிக்கினால் அறுக்க வேண்டும். இதெல்லாம் யோசித்து முடிவெடுக்கக் காலம் தராத அறுப்புகள். ஆகவே அவர்கள் கத்தியைத் தோணியின் அணியத்தில் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்தார்கள். தேவையான நேரத்தில் அது கைக்கு எட்டாத இடம். பட்டணத்தில் இருந்துகொண்டு கத்தி ஆயுதமா கருவியா என்று விவாதிக்கலாம். இடுப்பில் இருக்க வேண்டியதை அணியத்தில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போனவர்களுக்கு அந்த விவாதம் வேறு மாதிரி.

பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பகுதி முழுவதும் போரில் காலியாயிற்று. போனவர்களில் பலர் கட்டிய துணியோடு போனார்கள். திரும்பி வந்தவர்கள் முதலில் தேடியவற்றுள் கத்தியும் ஒன்று. குடிசைக்குக் கம்பு வெட்ட, கிடுகு கட்டிய கயிறு அறுக்க, நிவாரணத்துக்கு வந்த மீன்பேணியைத் திறக்க. பேணி திறக்கக் கொக்கியுள்ள அந்தக் கத்தியை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். இடம்பெயர்ந்தவனுடைய தேவையும் படைவீரனுடைய தேவையும் அநேகமாக ஒரே பட்டியல்தான்.

வெளிநாட்டிலுள்ள மருமகன் ஒருமுறை வரும்போது எனக்கென்று சிவப்புப் பிடி சுவிஸ் கத்தி ஒன்று வாங்கியிருக்கிறார். அதைத் தெரியாத்தனமாகக் கைப்பையில் வைத்துவிட்டார். விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். 2001 செப்டெம்பருக்குப் பிறகு உலகம் முழுவதும் அப்படித்தான்; அந்தக் கம்பனியின் விற்பனையும் அதன்பின் சட்டென்று விழுந்தது. “மாமா, அங்க ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி நிறையக் கத்தி” என்றார். எனக்கு அந்தப் பெட்டியைத் தெரியும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. 2024இல் அதே கம்பனி, பல நாடுகளில் கத்திச் சட்டங்கள் இறுகி வருவதால், அலகே இல்லாத பைக்கருவி ஒன்றைச் செய்ய யோசிப்பதாக அறிவித்தது. மாலுமியின் கத்திக்கு முனை போயிற்று. இப்போது சுவிஸ்காரனுக்கு அலகே போகப் போகிறதோ என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். என்றாலும் அலகு உள்ளதையும் அவர்கள் விடவில்லை, மிக்க சந்தோஷம்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பாலத்தடியில், கண்டல் நிழலில், ஒரு பையன் இறால் வலையைப் பரப்பிச் செப்பமிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு வில்லுக்கத்தி. சந்தை நடைபாதையில் சிலநூறு ரூபாவுக்கு விற்கிற சாமான். சிவப்புப் பிளாஸ்ரிக் பிடி, அதில் வெள்ளைச் சிலுவை, சுவிற்சர்லாந்தைக் கண்ணாலும் காணாதது. வாங்கிப் பார்க்கக் கேட்டேன். பிடியை என் பக்கம் நீட்டித் தந்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

புதுக்கத்தி. ஆனால் முனை இல்லை. கல்லில் உரஞ்சிய தடம் அலகில் தெரிந்தது.

“ஏன் தம்பி முனைய மழுக்கி வெச்சிரிக்க?”

“வலைக்குள்ள அறுக்கக்குள்ள முனை கண்ணில மாட்டுது சேர். ஒண்ட அறுக்கப் போனா மூணு கிழியுது. எல்லாரும் தேச்சிப்போட்டுத்தான் பாவிக்கிற.”

கத்தியைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் அதை மடக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு வலையின் அடுத்த கிழிசலைத் தேடி விரல்களால் தடவிக்கொண்டு போனான்.